ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைத் திருத்துவது எப்படி? சுனாமியில் பிறந்த ‘சஹன’வின் கதை

2004 டிசம்பர் 26 காலையில் கடல் குச்சவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் எனத் திருகோணமலைக் கரையெங்கும் ஏறி இறங்கியது. அதற்குப் பின் வந்த வாரங்களில் முகாம்களில் இருந்தவர்களுக்குப் பதிவுகள் மறந்திருக்காது. கிராம சேவகர் ஒரு படிவம் கொண்டு வந்தார். பிரதேச செயலகத்தில் இன்னொரு படிவம். உதவிக்கு வந்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு படிவம் வைத்திருந்தது. பாடசாலை வகுப்பறையில் தங்கியிருந்த ஒரே குடும்பம் நான்கைந்து தாள்களில் நான்கைந்து விதமாக எழுதப்பட்டது. ஒரு முகாமில் சோற்றுப் பார்சல் மிஞ்சிப் பழுதாகும், அடுத்த முகாமுக்கு வந்தே சேராது. ஆளைத் தேடுபவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அலைந்தார்கள்.

இதே குழப்பத்தைக் கொழும்பில் இருந்து பார்த்த கணினித் துறையினர் சிலர் சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். எந்த முகாமில் எத்தனை பேர், யாருக்கு என்ன தேவை, எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது, யாரைக் காணவில்லை ஆகியவற்றை ஒரே இடத்தில் பதிவதே அதன் வேலை. சுனாமிக்காக அமைக்கப்பட்ட தேசிய செயற்பாட்டு நிலையத்தில் அது பயன்பட்டது. பெயர் ‘சஹன’. சிங்களத்தில் நிவாரணம், ஆறுதல் என்று பொருள். நமது சஹானா இராகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அந்த மென்பொருளை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது எழுதப்பட்ட விதத்தை விட அது திருத்தப்பட்ட விதம். நான் மென்பொருள் வேலை செய்பவன். வார இறுதிகளில் உவர்மலையில் சில பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: “ஓடுற சாமானை ஏன் அண்ணா திரும்பக் கழற்ற வேணும்?” நியாயமான கேள்வி. உலகின் பெரிய திறந்த மூல மென்பொருட்களில் செலவாகும் உழைப்பில் ஒரு பங்கு புதிதாக எதையும் சேர்ப்பதற்கு அல்ல, இருப்பதைக் கழற்றிப் பூட்டுவதற்கே போகிறது.

இந்த வேலையை ரீஃபக்டரிங் என்பார்கள். 1999இல் மார்ட்டின் பௌலர் இதே தலைப்பில் ஒரு புத்தகம் எழுதிய பிறகு இச்சொல் எங்கும் பரவியது. வெளியே தெரியும் நடத்தை மாறக்கூடாது, உள்ளே இருக்கும் அமைப்பு மாத்திரம் திருந்த வேண்டும். இவ்வளவுதான் இலக்கணம். தமிழில் ‘திருத்தியமைத்தல்’ என்று சொல்லிக்கொள்வோம்.

நமக்குப் பழக்கமான உதாரணம் பாமினி எழுத்துரு. ஒரு காலத்தில் நமது பத்திரிகைகளும் அலுவலகங்களும் பாமினியில்தான் தட்டச்சு செய்தன. திரையில் தெரிந்தது தமிழ், கணினிக்குள் சேமிக்கப்பட்டிருந்ததோ ஆங்கில எழுத்துக்களும் குறிகளும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் வரும். பிறகு யுனிகோடுக்கு மாற்றினோம். வாசகர் கண்ணுக்கு அதே வரி, அதே பெயர். உள்ளே எல்லாமே வேறு. மாற்றிய பிறகுதான் ஒரு பெயரைத் தட்டித் தேடினால் அது கிடைக்கும் நிலை வந்தது. கோப்பை மாற்றுவதும் நிரலைத் திருத்துவதும் முற்றிலும் ஒன்றல்ல என்று என் தொழிலில் உள்ளவர்கள் சொல்வார்கள். ஆனால் விளங்கிக்கொள்ள இது போதும்.

ஏன் திருத்த வேண்டும்? அவசரத்தில் எழுதிய நிரல் அடுத்த மாற்றத்துக்கு இடம் கொடுக்காது. வோர்ட் கனிங்ஹாம் என்ற நிரலாளர் 1992இலேயே இதைக் கடனுக்கு ஒப்பிட்டார். அவசரத்துக்கு வாங்கலாம், தப்பில்லை, ஆனால் திருப்பிக் கட்டும்வரை ஒவ்வொரு வேலையிலும் வட்டி போகும். நுண்கடன் கண்ட ஊர்களில் வட்டி முதலை விழுங்கும் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

சஹனவுக்கும் அந்தக் கடன் இருந்தது. செத்தவர்களை எண்ணி முடியாத நாட்களில், தூக்கமில்லாமல் எழுதிய நிரல் அது. அதை அப்படியே இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க முடியாது. ஆகவே 2005இல் லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் கீழ், சுவீடனின் சீடா உதவியோடு, இரண்டாம் கட்டமாக அதை அடியிலிருந்து திரும்ப எழுதினார்கள். பி.எச்.பி. மொழியில், தனித்தனிப் பகுதிகளாக, வேண்டியதை மாத்திரம் பூட்டிக்கொள்ளும் விதத்தில். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். முதல் நிரலுக்கு வயது சில மாதங்கள். அதை நம்பி வேறு எவரும் வேலை செய்யத் தொடங்கியிருக்கவில்லை. இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லாதபோது தகரக் கொட்டிலைப் பிரித்துவிட்டுக் கல்வீடு கட்டலாம்.

பலன் உடனே தெரிந்தது. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கமும், 2007இல் பெரு, 2008இல் சீனாவின் சிச்சுவான் என்று இலங்கையில் பிறந்த நிரல் நாடு நாடாகப் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை சஹனவுக்கு வழங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அதைப் பெற்றது விக்கிபீடியா.

சிக்கல் அதற்குப் பின்னர்தான். 2008 அளவில் சஹனவை பைதன் மொழியில் எழுதும் முயற்சி தொடங்கியது. அது ‘ஈடன்’ என்ற கிளையானது. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கம் வந்தபோது அந்தக் கிளைதான் களத்தில் இறங்கியது. பழைய பி.எச்.பி. கிளை ‘அகஸ்தி’ என்ற பெயரில் தனியாகத் தொடர்ந்தது. இப்போது இரண்டு வீடு, இரண்டு அடுப்பு. ஒன்றில் சேர்த்த வசதி மற்றதில் இல்லை. ஒன்றில் கண்டுபிடித்த பிழை மற்றதில் திருந்தவில்லை. தொண்டர்களின் தொகையோ கூடவில்லை.

ஈடன் தொழில்நுட்ப ரீதியாக மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு மனிதர் ஒரே இடத்தில் பதிவாகிறார். முகாம், வைத்தியசாலை, காணாமற்போனோர் பட்டியல் ஆகிய பகுதிகள் எல்லாம் அந்த ஒரே பதிவைச் சுட்டுகின்றன. சுனாமி நேரத்தில் நான்கைந்து தாள்களில் சிதறிய குடும்பத்துக்கு இதைவிட நல்ல விடை இல்லை. ஆனாலும் மொழியை மாற்றும்போது பழைய வரிகளோடு அவற்றுக்குள் இருந்த அனுபவமும் போய்விடுகிறது. ஏதோ ஒரு நாட்டின் ஏதோ ஒரு முகாமில் வந்த விசித்திரமான நிலைமைக்காக யாரோ இரவில் சேர்த்த ஒரு வரி, பார்ப்பவருக்குக் குப்பைபோலத் தெரியும். அது ஏன் அங்கே இருக்கிறது என்பது அதை எடுத்துவிட்டு அடுத்த அனர்த்தம் வரும்போதுதான் புரியும்.

உலகறிந்த உதாரணம் நெட்ஸ்கேப். 1998இல் தன் உலாவியின் நிரலைத் திறந்து வெளியிட்ட அந்த நிறுவனம், அதே ஆண்டில் பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத முடிவெடுத்தது. அந்த உழைப்பில் விளைந்த மொஸில்லா 1.0 வெளிவந்தது 2002 ஜூனில். இடைப்பட்ட காலத்தில் பாவனையாளர்கள் மைக்ரோசொப்டின் உலாவிக்குப் போய்விட்டார்கள். பிற்பாடு பயர்பொக்ஸ் பிறந்ததும் அதே நிரலில் இருந்துதான், அதை மறுக்கவில்லை. நெட்ஸ்கேப் அதைப் பார்க்க இருக்கவில்லை.

இந்த இடத்தில் மென்பொருளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சொல்கிறேன். எமது தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பெயரை எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? 1994இல் வடக்கு கிழக்குக்கு ஓர் ஆணைக்குழு. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்க ஆணைக்குழு. 2013இல் பரணகம ஆணைக்குழு. 2016இன் சட்டத்தின் கீழ் காணாமற்போனோர் அலுவலகம். ஒவ்வொன்றும் வரும்போது மேசையில் வெற்றுத் தாள். திகதி, இடம், கடைசியாக உடுத்திருந்த உடுப்பு என்று எல்லாம் முதலில் இருந்து. முந்தைய பட்டியலை எடுத்து, சரிபார்த்து, குறையைத் திருத்தி, அதன் மேல் கட்டுவது கடினமான வேலை, வெளியே தெரியாத வேலை. புதிதாகத் தொடங்குவது திறந்து வைப்பதற்கு வசதியானது. அந்த வசதிக்கான விலையைக் கட்டுவது அலுவலகம் அல்ல, திரும்பவும் வரிசையில் நிற்கும் தாய். நான் பிள்ளைகளுக்கு ‘முழுவதையும் அழித்துவிட்டு எழுதாதே’ என்று சொல்லிக் கொடுக்கும்போது மனதில் ஓடுவது நெட்ஸ்கேப் அல்ல, இதுதான்.

சரி, அழிக்காமல் திருத்துவது எப்படி? ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். மேலை நாடுகளில் எழுதப்பட்ட மென்பொருட்கள் பெரும்பாலும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள் வைத்திருக்கும். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னால் வரும், ஆளின் பெயர் பின்னால் வரும். பதிகிறவர் எந்தப் பெட்டியில் எதைப் போடுவார் என்பது அவரைப் பொறுத்தது. ஒரே ஆள் ஒரு முகாமில் ஒரு விதமாகவும் ஆஸ்பத்திரியில் தலைகீழாகவும் பதிவாவார். தேடுகிறவருக்குக் கிடைக்கமாட்டார். ஆகவே இரண்டு பெட்டியை ‘முழுப்பெயர்’ என்ற ஒரே பெட்டியாக்க வேண்டும். ஆனால் முகாம்கள் இயங்கிக்கொண்டிருக்கின்றன, ஒரு மணித்தியாலம்கூடப் பதிவை நிறுத்த முடியாது.

முதலில் பழைய இரண்டு பெட்டிகளைத் தொடாமல் பக்கத்தில் புதிய பெட்டியைச் சேர்க்கிறோம். அன்று முதல் வரும் பதிவுகள் இரண்டிலும் எழுதப்படும். அடுத்து பழைய பதிவுகளைப் பகுதி பகுதியாகப் புதிய பெட்டிக்குப் பிரதி பண்ணி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் எண்ணிப் பார்க்கிறோம். அங்கே எத்தனை, இங்கே எத்தனை, ஒன்று குறைந்தாலும் நின்று தேட வேண்டும். அந்த ஒன்று ஒரு மனிதர். பிறகு தேடல் பக்கம், அறிக்கைப் பக்கம், முகாம் பக்கம் என்று ஒவ்வொன்றாகப் புதிய பெட்டியை வாசிக்க வைக்கிறோம். ஒரு பக்கம் பிழைத்தால் அதை மாத்திரம் பழையதுக்குத் திருப்பலாம். பழைய பெட்டிகளை எவருமே வாசிக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் அவற்றை அகற்றுவது. சில வேளை இதற்கு மாதக்கணக்கு எடுக்கும். முகாமில் பதிகிற உத்தியோகத்தருக்கு இது எதுவும் தெரியக்கூடாது. திரும்பி வந்த சனம் உடைந்த வீட்டில் ஓர் அறைக்குத் தகரம் போட்டுச் சமைத்துக்கொண்டே மற்ற அறைக்குச் சுவர் எழுப்பியது இதே முறையில்தான்.

இதற்கெல்லாம் காவல் சோதனைகள். நிரலோடு சேர்த்து, அந்த நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சரிபார்க்கும் சிறு சிறு நிரல்களையும் எழுதி வைப்பார்கள். ‘இந்தப் பெயரைத் தேடினால் இந்த ஆள் வர வேண்டும்’, ‘வயது போடாவிட்டாலும் பதிவு ஏற்கப்பட வேண்டும்’ என்ற மாதிரி. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் இவை அத்தனையும் தாமாக ஓடும். சோதனை இல்லாத பழைய நிரல் கையில் வந்தால் முதல் வேலை சோதனை எழுதுவது, திருத்துவது பிறகு. இது சலிப்பான வேலைதான், என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் இந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார்கள்.

பெரிய திட்டங்களில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஒரு தடவையில் ஒரு மாற்றம். ஒழுங்குபடுத்துவதையும் புது வசதி சேர்ப்பதையும் ஒரே பொதியில் கலந்து அனுப்பினால் லினக்ஸ் கருவின் பராமரிப்பாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு சிறு படிக்குப் பிறகும் முழு மென்பொருளும் ஓட வேண்டும். காரணம் எளிது. பிழை ஒன்று நுழைந்துவிட்டால், நடுவில் உள்ள திருத்தத்தைச் சோதித்து அதற்கு முன்னா பின்னா என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகலாம். ஆயிரம் திருத்தங்களில் குற்றவாளியைப் பிடிக்கப் பத்துத் தடவை பார்த்தால் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

லினக்ஸின் கதைகளில் எனக்குப் பிடித்தது அதன் பெரிய பூட்டு. ஒரு கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் வேலை செய்ய 1996இல் லினக்ஸ் 2.0 இடம் கொடுத்தது. ஆனால் கரு முழுவதற்கும் ஒரே பூட்டு. கச்சேரிக்கு ஒரே திறப்பு இருந்து, அதை வைத்திருப்பவர் வெளியே வரும்வரை மற்ற எல்லா உத்தியோகத்தரும் விறாந்தையில் நிற்பது போல. தொடக்கத்தில் அது போதுமாக இருந்தது, செயலிகள் பெருகப் பெருக நெரிசலானது. ஒரே நாளில் அதை எடுத்தால் எங்கெல்லாம் உடையும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பூட்டுப் போட்டு, அந்த அறைக்குப் பெரிய திறப்பு தேவையில்லை என்று ஆக்கிக்கொண்டே வந்தார்கள். பெரிய பூட்டின் கடைசித் துண்டு 2011இல் 2.6.39 பதிப்பில் நீங்கியது. பதினைந்து வருடம். அந்த பதினைந்து வருடத்தில் உலகின் சேவையகங்கள் ஒரு நாள்கூட இதற்காக நிறுத்தப்படவில்லை.

நமது துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 தாங்கிகள். 2022 ஜனவரி உடன்படிக்கையில் 14 ஐ.ஓ.சி.யிடமும் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் 61 கூட்டு நிறுவனத்திடமுமாகப் பிரிக்கப்பட்டன. அரசியலை விடுவோம். ஒரு பகுதியில் எண்ணெய் ஏற்றி இறக்கிக்கொண்டே காடு மண்டிய மற்றப் பகுதியைத் திருத்த வேண்டியிருப்பவர், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் எதையும் வெட்டமாட்டார்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் எமது ஆட்களுக்குப் பட்டியல் என்றாலே பயம். பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தவர்களைப் பார்த்தவர்கள் நாம். திறந்த மூலம் என்றால் நிரல் திறந்திருக்கும், பதியப்பட்ட பெயர்கள் அல்ல. வங்கியின் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று எவரும் படிக்கலாம், பெட்டகத்தில் உள்ளதை எடுக்க முடியாது. நிரலை எவரும் வாசிக்கலாம் என்பதால், யார் எந்தப் பெயரைப் பார்க்கலாம் என்ற விதி ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை வெளியாட்களும் சோதிக்கலாம். ஆனால் அந்த மென்பொருளை நடத்துபவர் யார் என்ற கேள்விக்கு நிரல் விடை சொல்லாது. அதை எமது சனம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளும், வீட்டில் பழைய மடிக்கணினி வைத்திருக்கும் மற்றவர்களும் இந்த வேலைக்குள் நுழையலாமா? தாராளமாக. திருத்தியமைக்கும் வேலைதான் புதியவர்களுக்கு வாசல். லிப்ரே ஒபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலம் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஸ்டார் ஒபிஸ். 2010இல் தனிக் கிளையாகப் பிரிந்தபோது நிரலுக்குள் ஆயிரக்கணக்கான குறிப்புகள் ஜெர்மன் மொழியிலேயே கிடந்தன. அவற்றை ஆங்கிலமாக்கும் வேலையைப் பல வருடங்களாகத் தொண்டர்கள் சிறிது சிறிதாகச் செய்தார்கள். பலர் பெரிய நிரலாளர்கள் அல்ல. பயன்படாத வரிகளை அகற்றுவது, குழப்பமான பெயரை மாற்றுவது போன்ற வேலைகளைப் பட்டியலிட்டு ‘இலகுவான வேலைகள்’ என்று இன்றும் புதியவர்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கூகிளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் ஊடாக மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் உலகின் முன்வரிசைக்கு வந்ததும் இப்படியான நிரல்களுக்குள் இறங்கித்தான். சஹனவும் அந்தத் திட்டத்தில் மாணவர்களை எடுத்திருக்கிறது.

தமிழ் தெரிந்தவருக்கு இன்னும் ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம், ளகரம், லகரம் மூன்றும் ஒன்றாகிவிடும். சிங்கள உத்தியோகத்தர் காதால் கேட்டு எழுதினால் இன்னொரு வடிவம் வரும். இந்த வடிவங்கள் எல்லாம் ஒரே ஆளைச் சுட்டலாம் என்பதைத் தேடல் அறிய வேண்டும். அதற்கான சோதனைகளை எழுத மொஸில்லாவில் வேலை செய்தவர் தேவையில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் சம்பூரிலும் பெயர்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று தெரிந்த ஒருவர் தேவை.

தொடங்குபவர்களுக்கு: முதல் ஒரு மாதம் எதையும் எழுத வேண்டாம், வாசியுங்கள். மற்றவர்களின் திருத்தங்களுக்குப் பராமரிப்பாளர்கள் எழுதிய பதில்களை வாசித்தால் அந்த வீட்டின் பழக்கவழக்கம் பிடிபடும். பிறகு ஒரு சோதனையை மாத்திரம் எழுதி அனுப்புங்கள். அநேகமாகத் திரும்பி வரும், காரணத்தோடு. அந்தக் காரணத்தைத் திருத்திவிட்டுத் திரும்ப அனுப்ப வேண்டும், வேறு எதையும் அதோடு சேர்க்காமல்.